ஃபேட்டி லிவர்: ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நிலைவாரியாகப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

என் பெரியப்பாவின் ஃபைலில் மூன்று எல்.எஃப்.டி, அதாவது கல்லீரல் பரிசோதனை ரிப்போர்ட்கள் இருந்தன. 2014இல் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி 71. 2018இல் 58. 2022இல் 34. கடைசி ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். “எஸ்ஜிபிடி நார்மலுக்கு வந்துடுச்சு, ஃபேட்டி லிவர் சரியாயிடுச்சு” என்று பெரியம்மா ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். அடுத்த சில மாதங்களில் பெரியப்பாவுக்குக் கால் வீங்கியது, வயிற்றில் நீர் சேர்ந்தது. கல்லீரல் தழும்பேறி முற்றிப்போன நிலையான சிரோசிஸ் என்றார் மருத்துவர்.

அதே ஃபைலில், வேறு காகிதங்களில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கையும் இருந்தது: 2.4 லட்சம், 1.85 லட்சம், 1.2 லட்சம். எட்டு வருடமாக அது இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை.

இந்த வழிகாட்டியை எழுத அதுதான் காரணம். உங்கள் வீட்டு ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். இதை வைத்து நீங்களே நோயைத் தீர்மானிக்க வேண்டாம். ஆனால் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

படி 1: காகிதங்களை ஒன்று சேருங்கள்

எல்.எஃப்.டி மட்டும் போதாது. பிளேட்லெட் எண்ணிக்கை உள்ள ரத்த அணுப் பரிசோதனையான சிபிசி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்புப் பரிசோதனையான லிப்பிட் ப்ரொஃபைல், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் வேண்டும். இந்த ஆண்டு எடுத்தவை மட்டுமல்ல, கிடைக்கிற பழையவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். ஒரு எண்ணை விட அந்த எண் நகர்ந்த திசை அதிகம் சொல்லும்.

புதிதாக ரத்தம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், உடம்பு சாதாரணமாக இருக்கும் நாளாகப் பாருங்கள். நம் ஊரில் மழைக்காலம் வந்தால் டெங்கு வருகிறது. டெங்குவில் பிளேட்லெட் தடாலென்று இறங்கும், எஸ்ஜிஓடி என்ற இன்னொரு நொதி ஏறும். அந்த நேரத்து ரிப்போர்ட்டை வைத்துக் கல்லீரல் தழும்பைக் கணக்கிட்டால் வீணாகப் பயந்துவிடுவீர்கள். காய்ச்சல் விட்டுச் சில வாரங்கள் போகட்டும். பரிசோதனைக்கு முந்தைய சில நாட்களில் ஜிம்மில் கடுமையாக எடை தூக்கியிருந்தாலும் தசையிலிருந்து எஸ்ஜிஓடி கசிந்து எண் கூடும். எல்.எஃப்.டிக்குப் பட்டினி தேவையில்லை. ஆனால் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்றால் இரவு சாப்பிட்டு 10 முதல் 12 மணி நேரம் கழித்துக் கொடுப்பது நல்லது.

படி 2: கிரேடு வேறு, நிலை வேறு

நான் பார்த்ததிலேயே பெரிய குழப்பம் இதுதான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் “கிரேடு 1 ஃபேட்டி லிவர்”, “கிரேடு 2” என்று போட்டிருக்கும். அது, ஸ்கேனில் கல்லீரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது, அதாவது கொழுப்பு ஏறக்குறைய எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதற்கான அளவு. கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அது சொல்லாது. கிரேடு 1 போட்டவருக்குத் தழும்பு முற்றியிருக்கலாம். கிரேடு 3 போட்டவருக்குத் தழும்பே இல்லாமலும் இருக்கலாம். சிரோசிஸ் வந்த பிறகு கல்லீரலில் கொழுப்பே குறைந்துபோவதும் உண்டு.

நிலை என்பது இப்படி நகரும். முதலில் கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு படிகிறது. சிலருக்கு அந்தக் கொழுப்பால் அழற்சி உண்டாகிச் செல்கள் வீங்கிச் சாகின்றன. அழற்சி நீடித்தால் அந்த இடங்களில் தழும்பு விழுகிறது. தழும்பை எஃப் 0 முதல் எஃப் 4 வரை பிரிக்கிறார்கள். எஃப் 4 என்பதுதான் சிரோசிஸ். எல்லோரும் கடைசிவரை போவதில்லை. பெரும்பாலானோர் முதல் நிலையிலேயே நின்றுவிடுகிறார்கள். போகிறவர்களுக்கும் வழக்கமாகப் பல வருடங்கள் ஆகும். தழும்பு எந்த அளவில் இருக்கிறது என்பதுதான் பின்னால் வரப்போகும் ஆபத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் ரிப்போர்ட்டில் நாம் தேடவேண்டியதும் அதைத்தான்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு என்ஏஎஃப்எல்டி என்று எழுதியதை 2023 முதல் எம்ஏஎஸ்எல்டி என்று எழுதுகிறார்கள். அழற்சி வந்த நிலைக்கு நாஷ் என்ற பெயர் மாறி மாஷ் ஆகியிருக்கிறது. ரிப்போர்ட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் நோய் ஒன்றுதான்.

படி 3: எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி. தனித்தனியாகவும் சேர்த்தும்

இவை இரண்டும் செல்லுக்குள் இருக்கும் நொதிகள். செல் காயப்பட்டால் ரத்தத்தில் கசியும். எஸ்ஜிபிடியைச் சில லேப்கள் ஏஎல்டி என்றும், எஸ்ஜிஓடியை ஏஎஸ்டி என்றும் போடுவார்கள். எஸ்ஜிபிடி பெரும்பாலும் கல்லீரலிலிருந்து வருவது. எஸ்ஜிஓடி தசை, இதயம், ரத்தச் சிவப்பணு எல்லாவற்றிலும் இருக்கிறது.

லேப் காகிதத்தில் நார்மல் என்று 40 வரை, சில இடங்களில் 50க்கு மேலும்கூடப் போட்டிருப்பார்கள். கல்லீரல் மருத்துவர்கள் இன்னும் இறுக்கமாகப் பார்க்கிறார்கள். அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்களின் அமைப்பான ஏசிஜி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஆரோக்கியமான ஆணுக்கு எஸ்ஜிபிடியின் மேல் எல்லை 29 முதல் 33, பெண்ணுக்கு 19 முதல் 25. ஆக, ஒரு பெண்ணுக்கு 38 என்று வந்து, காகிதத்தில் தடித்த எழுத்தில் போடவில்லை என்றாலும், அதைக் கவனிக்காமல் விடக்கூடாது.

முதல் நிலையில், வெறும் கொழுப்பு மட்டும் இருக்கும்போது, இரண்டு நொதியும் முழுக்க இயல்பாகவே இருக்கலாம். ஏறினால் கொஞ்சம் ஏறும். எஸ்ஜிஓடியை விட எஸ்ஜிபிடி அதிகமாக இருக்கும்.

அழற்சி நிலையில் எஸ்ஜிபிடி மேல் எல்லையைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வரை போகலாம். போகாமலும் இருக்கலாம். இதை நன்றாக மனதில் வையுங்கள்: மாஷ் இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை வழக்கமான மருத்துவத்தில் இல்லை. கல்லீரலில் ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான் அதை உறுதி செய்யும். அது எல்லோருக்கும் தேவையும் இல்லை.

எஸ்ஜிபிடி ஐந்து மடங்கைத் தாண்டி முந்நூறு, ஐந்நூறு என்று வந்தால் அதை ஃபேட்டி லிவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

தழும்பு முற்ற முற்ற ஒரு திருப்பம் நடக்கிறது. கசிவதற்கு நல்ல செல்கள் குறைகின்றன. எஸ்ஜிபிடி இறங்குகிறது. எஸ்ஜிஓடியை ரத்தத்திலிருந்து அகற்றும் வேலையைக் கல்லீரல் முன்போலச் செய்வதில்லை, அதனால் அது அவ்வளவாக இறங்குவதில்லை. முன்பு எஸ்ஜிபிடி அதிகமாக இருந்த இடத்தில் இப்போது எஸ்ஜிஓடி முந்திவிடுகிறது. பெரியப்பாவுக்கு எஸ்ஜிஓடி 48, 52, 46 என்று இருந்தது. எஸ்ஜிபிடியால் வகுத்துப் பாருங்கள்: 0.68, 0.90, 1.35. அந்த 34 குணமானதற்கான அடையாளமாக இருக்கவில்லை.

எடை குறைந்து, சர்க்கரை கட்டுக்குள் வந்து, அதோடு எஸ்ஜிபிடியும் இறங்கினால் அது நல்ல இறக்கம். எதுவும் மாறாமல், எடையும் தொப்பையும் அப்படியே இருக்க, எஸ்ஜிபிடி மட்டும் தானாக இறங்கினால் பிளேட்லெட்டைப் பாருங்கள்.

எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் மது காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். குடிப்பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உண்மை தெரியாமல் அவரால் இந்த எண்களைச் சரியாகப் படிக்க முடியாது.

படி 4: கூட்டாளிகளைப் பாருங்கள்

ஃபேட்டி லிவர் தனியாக வருவது அரிது. ட்ரைகிளிசரைடு 150க்கு மேல், நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் கீழ், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்கு மேல், இவையெல்லாம் அதன் கூட்டாளிகள். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். இவற்றில் சில பல ஆண்டுகளுக்கு முன்பே ரிப்போர்ட்டில் தென்பட ஆரம்பித்திருக்கும். ஒல்லியாக இருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். நம் மக்களில் கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடம்பு நிறைய. அதனால்தான் ஆசியர்களுக்கு, உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 23 தொட்டாலே கணக்கில் எடுக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவின் எல்லை தெற்காசிய ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர்.

ஜிஜிடி என்ற இன்னொரு கல்லீரல் நொதி ஃபேட்டி லிவரில் கொஞ்சம் ஏறியிருக்கலாம். மதுவாலும், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாய்ன் போன்ற மாத்திரைகளாலும் ஏறும். அதனால் அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரும்புச் சத்தைக் காட்டும் ஃபெரிட்டினும் இந்த நோயில் கூடலாம். உடனே உடம்பில் இரும்பு அதிகம் என்று அர்த்தமில்லை. ட்ரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற இன்னொரு எண்ணையும் பார்த்துத்தான் அதைச் சொல்வார்கள்.

படி 5: ஃபிப்-4 கணக்கைப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். கல்லீரலில் முற்றிய தழும்பு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை இது காட்டும். தனிச் செலவு எதுவும் இல்லை. வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் என்ற நான்கு எண்கள் போதும். 2006இல், ஹெச்ஐவியும் ஹெபடைட்டிஸ் சியும் சேர்ந்து இருந்த நோயாளிகளுக்காக உருவான கணக்கு இது. இப்போது ஃபேட்டி லிவரில் முதல் வடிகட்டியாக உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். அதைத் தனியாக எழுதி வையுங்கள். பிளேட்லெட் லட்சத்தில் இருந்தால் 100ஆல் பெருக்குங்கள், அதாவது 2.4 லட்சம் என்றால் 240. எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம் எடுத்து, அந்த 240ஐ அதனால் பெருக்குங்கள். முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுங்கள். பல போன்களில் கால்குலேட்டரைத் திறந்து போனைப் படுக்கவைத்தால் வர்க்கமூலக் குறி வந்துவிடும்.

பெரியப்பாவின் எண்களைப் போட்டுக் காட்டுகிறேன். 2014இல் வயது 52. 52ஐ 48ஆல் பெருக்க 2496. 71இன் வர்க்கமூலம் 8.43. அதை 240ஆல் பெருக்க ஏறக்குறைய 2022. வகுத்தால் 1.23. 2018இல் வயது 56, விடை 2.07. 2022இல் வயது 60, விடை 3.94.

1.3க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம், கல்லீரல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் வந்தால் அடுத்த பரிசோதனை தேவை. 65 வயது தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை 1.3க்குப் பதில் 2.0 என்று வைக்கிறார்கள், ஏனென்றால் வயது ஏறினாலே இந்த எண்ணும் ஏறும். 35 வயதுக்குக் கீழ் இந்தக் கணக்கை நம்ப முடியாது.

ஆக, 2018லேயே கணக்கு மணி அடித்திருக்கிறது. அதைக் கேட்க அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

பிளேட்லெட்டுக்கும் கல்லீரலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். கல்லீரலில் தழும்பு கூடினால் குடலிலிருந்து வரும் ரத்தம் அதன் வழியே எளிதாகப் போக முடியாது. அழுத்தம் பின்னோக்கி மண்ணீரலுக்குப் போகிறது. மண்ணீரல் வீங்கிப் பிளேட்லெட்டுகளைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனும் கல்லீரலில்தான் பெரும்பகுதி உருவாகிறது, அதுவும் குறைகிறது. இப்படி இரண்டு பக்கமும் அடி. 1.5 லட்சத்துக்குக் கீழே போனால்தான் லேப் காகிதம் எச்சரிக்கும். ஆனால் 2.8 லட்சமாக இருந்தவருக்கு 1.7 லட்சம் என்பதும் கேள்வி கேட்க வேண்டிய எண்தான்.

படி 6: நடுவில் வந்தால் ஃபைப்ரோஸ்கேன்

ஃபிப்-4 1.3ஐத் தாண்டினால் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். வலி இல்லை, சில நிமிட வேலை. மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும். கல்லீரலின் விறைப்பைக் கிலோபாஸ்கலில் சொல்லும். 8க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இல்லை என்று ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். 12க்கு மேல் என்றால் முற்றியிருக்கலாம். அதே காகிதத்தில் கேப் என்று ஒரு எண் இருக்கும், அது கொழுப்பின் அளவு. பலர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். நீங்கள் கிலோபாஸ்கலை முதலில் பாருங்கள்.

ரத்தத்திலேயே தழும்பைத் தேடும் ஈஎல்எஃப் என்ற பரிசோதனையும் உண்டு. தழும்பு உருவாகும்போது வெளிப்படும் மூன்று பொருட்களை அளந்து ஒரே எண்ணாகத் தரும். 9.8க்கு மேல் என்றால் முற்றிய தழும்பின் பக்கம் சாய்கிறது.

படி 7: சிரோசிஸ் நிலையின் எண்கள்

இங்கே கேள்வி மாறுகிறது. கல்லீரல் காயப்படுகிறதா என்பதைத் தாண்டி, அது தன் வேலையைச் செய்கிறதா என்று பார்க்கிறோம். எல்.எஃப்.டி என்றால் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை என்று பெயர் வைத்திருந்தாலும், அதில் செயல்பாட்டைக் காட்டுவது முக்கியமாக அல்புமினும் பிலிருபினும்தான். மூன்றாவதான ஐஎன்ஆர் பெரும்பாலும் அந்தக் காகிதத்தில் இருக்காது, தனியாக எடுக்க வேண்டும்.

அல்புமின் கல்லீரல் உருவாக்கும் புரதம். 3.5க்குக் கீழே போவது கவனிக்க வேண்டியது. ரத்தத்தில் அது ஏறக்குறைய மூன்று வாரம் நிலைப்பதால் மெதுவாகத்தான் இறங்கும். சிறுநீரில் புரதம் போனாலும், சரியாகச் சாப்பிடாவிட்டாலும், பெரிய தொற்று வந்தாலும் குறையும். ஐஎன்ஆர் ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் கணக்கு. உறைய வைக்கும் புரதங்களில் சில மணிக்கணக்கில் தீர்ந்துவிடுபவை, அதனால் கல்லீரல் தடுமாறினால் இது சீக்கிரம் காட்டும். கல்லீரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறமியான பிலிருபின் 2ஐத் தாண்டினால் கண்ணில் மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும்.

சிரோசிஸின் முதல் பாதியில் இந்த மூன்றும் இயல்பாகவே இருக்கலாம். மீதமிருக்கும் செல்கள் வேலையை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. பல நேரம் குறைந்துகொண்டிருக்கும் பிளேட்லெட்தான் அடையாளமாக இருக்கும். பெரியப்பா இந்தக் காலத்தில் தினமும் வயலுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சைல்ட்-பியூ என்ற மதிப்பெண் போடுவார்கள். பிலிருபின், அல்புமின், ஐஎன்ஆர், வயிற்று நீர், மூளைக் குழப்பம் என ஐந்துக்கும் 1 முதல் 3 வரை. மொத்தம் 5, 6 என்றால் ஏ, 7 முதல் 9 வரை பி, 10ம் அதற்கு மேலும் சி. பெரியப்பாவுக்குப் பிலிருபின் 1.6, ஐஎன்ஆர் 1.3, குழப்பம் இல்லை, இவற்றுக்கு ஒவ்வொன்று. அல்புமின் 3.1, கொஞ்சம் நீர், இவற்றுக்கு இரண்டிரண்டு. மொத்தம் 7, பி பிரிவு. மாற்றுக் கல்லீரல் தேவையா என்று பார்க்க மெல்ட் என்ற இன்னொரு கணக்கு உண்டு. அதில் கிரியேட்டினினும் சோடியமும்கூடச் சேரும்.

இந்த நிலையில் ஹெச்பிஏ1சியை அப்படியே நம்பாதீர்கள். மண்ணீரல் வீங்கி ரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிவதால் அது உண்மையை விடக் குறைவாகக் காட்டலாம். சர்க்கரையைக் குளுக்கோமீட்டரிலும் பாருங்கள்.

சிரோசிஸ் உறுதியானவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வருகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும், ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். ஏஎஃப்பி மட்டும் போதாது. புற்றுநோய் இருந்தும் அது ஏறாமல் இருப்பதுண்டு.

ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், பேச்சில் தடுமாற்றம், பகலில் தூக்கம் இரவில் விழிப்பு, காய்ச்சலோடு வயிற்று வலி, இவற்றில் எது வந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்கு ஓடுங்கள்.

படி 8: வேறு காரணம் இல்லையென்று உறுதி செய்யுங்கள்

ஸ்கேனில் கொழுப்பு தெரிந்துவிட்டதாலேயே எல்லாப் பழியையும் அதன் மேல் போடக்கூடாது. ஹெபடைட்டிஸ் பிக்கான ஹெச்பிஎஸ்ஏஜி, ஹெபடைட்டிஸ் சிக்கான ஆன்டி-ஹெச்சிவி இரண்டையும் ஒருமுறையாவது எடுங்கள். தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் பாருங்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காசநோய் மாத்திரை, புரதப் பொடி, நாட்டு மருந்து, சூரணம் உட்பட. சீந்தில் தண்டைத் தொடர்ந்து சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி கொரோனா காலத்தில் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மூலிகை என்பதால் கல்லீரலுக்கு வேலை வைக்காது என்று நினைக்க வேண்டாம்.

பிலிருபின் மட்டும், அதுவும் ரிப்போர்ட்டில் இன்டைரக்ட் என்று இருக்கும் மறைமுகப் பகுதி மட்டும் கூடியிருந்து மற்றதெல்லாம் சரியாக இருந்தால், அது பெரும்பாலும் கில்பர்ட் எனப்படும் பிறவி அமைப்பு. கெடுதல் இல்லை.

இன்னொன்று: எஸ்ஜிபிடி கொஞ்சம் கூடியிருக்கிறது என்று கொலஸ்ட்ரால் மாத்திரையான ஸ்டாட்டினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஃபேட்டி லிவர் இருப்பவர்கள் அதைச் சாப்பிடலாம். இந்த நோயில் உயிரை அதிகம் பறிப்பது இதய நோய்தான்.

படி 9: எப்போது மறுபடி, எதை எதிர்பார்ப்பது

ஃபிப்-4 குறைவாக இருந்து சர்க்கரை நோயும் இருந்தால் ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைப் போடுங்கள். சர்க்கரை இல்லாதவர்கள் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போட்டால் போதும். மாதா மாதம் எஸ்ஜிபிடி எடுத்துக் கவலைப்படுவதில் பயனில்லை.

உடல் எடையில் 3 முதல் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி அடங்கும். 10 சதவீதம் தொட்டவர்களுக்குத் தழும்பே பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். 80 கிலோ உள்ளவருக்கு அது 8 கிலோ. ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடும் எஸ்ஜிபிடியும் முதலில் இறங்கும். பிளேட்லெட் அவ்வளவு சீக்கிரம் ஏறாது, அதற்காக மனம் தளர வேண்டாம். மாத்திரை இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிரோசிஸுக்கு முந்தைய தழும்பு நிலைக்கு ரெஸ்மெடிரோம் என்ற மருந்தை அமெரிக்கா 2024 மார்ச்சில் அனுமதித்தது. அதையும் உணவு, உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் தரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு நோட்டில் எட்டுக் கட்டங்கள் போடுங்கள்: தேதி, எடை, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட், அல்புமின், ஹெச்பிஏ1சி, ஃபிப்-4. ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுத்தால் ஒப்பிட எளிது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஃபைல் முழுவதையும் தூக்கிக்கொண்டு போகாமல் அந்த ஒரு பக்கத்தைக் காட்டுங்கள். “இதில் தழும்பு இருக்க வாய்ப்பு உண்டா, ஃபைப்ரோஸ்கேன் தேவையா?” என்று கேளுங்கள்.

பெரியப்பா இப்போது உப்பைக் குறைத்து, மாத்திரை சாப்பிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்குப் போய்வருகிறார். அவருடைய நோட்டின் அடுத்த பக்கத்தில் என் அண்ணனுக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறோம். வயது 38, எஸ்ஜிஓடி 31, எஸ்ஜிபிடி 52, பிளேட்லெட் 2.6 லட்சம், ஃபிப்-4 0.63.